தெரிந்த பிழைகளின் பதிவேடு: மென்பொருள் ஆதரவில் அறிவு எங்கே தேங்குகிறது?

மென்பொருள் பராமரிப்பை மேம்படுத்துவது பற்றிய அறிக்கைகள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. புகார் வந்து எத்தனை மணி நேரத்தில் பதில் போயிற்று, மாதக் கடைசியில் எத்தனை புகார் டிக்கெட்டுகள் மூடப்படாமல் நின்றன, ஒரு டிக்கெட்டுக்கு என்ன செலவாயிற்று என்பவை எண்ணுவதற்கு எளியவை. ஒப்பந்தத்தில் எழுதவும் வசதியானவை. இக்கட்டுரை வேறோர் அளவுகோலை முன்வைக்கிறது. ஒரு பிழையை ஆதரவுப் பிரிவு அறிந்துகொண்ட நாளுக்கும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர் அதை அறிந்துகொண்ட நாளுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது என்பதே பராமரிப்பின் தரத்தைக் காட்டும். பிரிட்டிஷ் அஞ்சலகங்களின் ஹொரைசன் கணக்கு மென்பொருளை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஹொரைசனை நீதி தவறிய வரலாறாகப் பலர் எழுதிவிட்டார்கள். பராமரிப்பின் வரலாறாக அது போதிய அளவு வாசிக்கப்படவில்லை.

பராமரிப்பு என்றதும் பிழை திருத்துவதே நினைவுக்கு வருகிறது. ஆய்வாளர் ஸ்வான்சன் 1976இல் பராமரிப்பைத் திருத்துதல், சூழலுக்கு ஏற்ப மாற்றுதல், மேம்படுத்துதல் என மூன்றாகப் பகுத்தார். பின்னர் அவரும் லின்ட்ஸும் 487 நிறுவனங்களில் நடத்திய ஆய்வு 1980இல் நூலாக வந்தது. உழைப்பில் பெரும்பங்கு மேம்படுத்துதலுக்கே போவதையும், பிழை திருத்தத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே செலவாவதையும் அது காட்டியது. இந்தக் கணக்கு தவறன்று. ஆனால் உழைப்பின் அளவைக் கொண்டு ஒரு வேலையின் முக்கியத்துவத்தை எடைபோடும் பழக்கத்துக்கு அது இடம் கொடுத்துவிட்டது. டென்மார்க்கின் கணினியியலாளர் பீட்டர் நவுர் 1985இல் எழுதிய கட்டுரை இன்னும் ஆழமாகச் செல்கிறது. நிரல் என்பது எழுதப்பட்ட வரிகளில் மட்டும் இல்லை, அதை உருவாக்கியவர்கள் மனத்தில் கொண்டிருக்கும் கோட்பாட்டில் இருக்கிறது. அவர்கள் கலைந்துபோனால் நிரலும் உயிரிழக்கிறது என்றார் அவர். இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஓடத் தொடங்கிய மென்பொருளைப் பற்றிய உண்மையான அறிவு, அதை எழுதியவர்களைக் காட்டிலும் அதைப் பற்றிய புகார்களைக் கேட்பவர்களிடமே நாளடைவில் சேர்கிறது.

ஹொரைசன் 1999 முதல் பிரிட்டனின் அஞ்சலகக் கிளைகளில் நிறுவப்பட்டது. உருவாக்கிப் பராமரித்தது ஃபுஜிட்சுவுக்குச் சொந்தமான ஐசிஎல் நிறுவனம். அதுவே பின்னர் ஃபுஜிட்சு என்ற பெயரில் தொடர்ந்தது. கிளைகளில் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் அஞ்சல் ஊழியர்கள் அல்லர். கடையோடு சேர்த்து அஞ்சலகத்தையும் ஒப்பந்தத்தில் நடத்திய சிறு வணிகர்கள். கணக்கில் துண்டு விழுந்தால் அவர்களே கைப்பணம் போட்டுச் சரிக்கட்ட வேண்டும் என்று அஞ்சல் நிறுவனம் வற்புறுத்தியது. கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு வழக்குகள் பாய்ந்தன. 1999க்கும் 2015க்கும் இடையே 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். இத்தண்டனைகளுக்கு வழிவகுத்த வழக்குகளில் ஏறத்தாழ 700ஐ அஞ்சல் நிறுவனமே தொடுத்தது.

இனி ஆதரவு அடுக்குகளைப் பார்க்கலாம். தொலைபேசியில் முதலில் பேசுபவர் எழுதி வைத்ததைப் படித்துப் பதில் சொல்பவர். அவரால் தீராதது மேலே போகும். மூன்றாம் அடுக்கு ப்ராக்னெல் நகரில் இருந்த மென்பொருள் ஆதரவு மையம். அதற்கு மேல் நிரலாளர்கள். ஏற்கெனவே கண்டறிந்த கோளாறுகளையும் அவற்றின் அறிகுறிகளையும் சமாளிக்கும் வழிகளையும் குறித்து வைக்க ஃபுஜிட்சு ஒரு பதிவேடு வைத்திருந்தது. அதன் பெயரே ‘தெரிந்த பிழைகளின் பதிவேடு’. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லாத ஏற்பாடு. தனித்தனிச் சம்பவத்தையும் அதற்கு அடியில் உள்ள கோளாறையும் பிரித்துக் கையாள வேண்டும் என்ற ஐடிஐஎல் வழிமுறைத் தொகுப்பு 1980களின் கடைசியில் உருவானதே பிரிட்டிஷ் அரசின் கணினி முகமையில்தான். நெறிமுறைக்குப் பஞ்சம் இருந்த நாடு அல்ல அது.

ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் நகரில் உள்ள கேலண்டர் சதுக்கக் கிளையின் பெயரால் அறியப்படும் பிழையை எடுத்துக்கொள்வோம். கிளைக்குள் ஒரு கவுன்ட்டரில் பதிவானது மற்றொரு கவுன்ட்டருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அதனால் ஒரே பணமாற்றம் மறுபடியும் கணக்கில் ஏறியது. கோளாறு ஃபுஜிட்சு எழுதிய பகுதியில் இல்லை, வெளி நிறுவனம் ஒன்றிடம் வாங்கிப் பயன்படுத்திய அடித்தள மென்பொருளில் இருந்தது. இப்பிழை 2000 முதல் 2006 வரை இருந்ததாக உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் முடிவு செய்தது. இது பல ஆண்டுகளாக இருந்து வருகிறது, பல கிளைகளைத் தொடர்ந்து பாதிக்கிறது என்று ஆதரவு மையப் பணியாளர் ஒருவரே 2006இல் எழுதியிருந்தார். ஆக, அறிவு இருந்தது. அதைக் கண்டவர் அதை எழுதியும் வைத்தார். அதே காலத்தில் உதவி எண்ணை அழைத்த கிளைக்காரர்கள் பலருக்குக் கிடைத்த பதிலோ, உங்கள் ஒருவருக்குத்தான் இப்படி நடக்கிறது என்பது.

2010இல் வந்த ஹொரைசன் இணையவழிப் பதிப்பில் கண்ட இரு பிழைகளை ஒப்பிட்டால் இந்த இடைவெளி இன்னும் துலங்கும். வரவு செலவு பொருந்தாப் பிழை 62 கிளைகளைத் தாக்கியது. அமைப்பின் நிகழ்வுகளைக் கண்காணித்தபோது அது அகப்பட்டது. தற்காலிகக் கணக்குப் பிழை 14 கிளைகளைத் தாக்கியது. அது 2011இல் தோன்றியபோது அஞ்சல் நிறுவனத்துக்குத் தெரியவில்லை. ஓராண்டு கழித்து மறுபடி தலைகாட்டி, கிளைக்காரர் ஒருவர் விளக்க முடியாத துண்டைப் பற்றிப் புகார் சொன்ன பிறகே தெரிந்தது. கண்காணிப்புக் கருவிகளுக்குச் செலவழித்தால் போதும் என்பவர்கள் இந்த இரண்டாவதைக் கணக்கில் கொள்ள வேண்டும். கருவி பார்க்காததைப் பார்த்தவர், தன் கல்லாவைத் தானே எண்ணிய ஒரு மனிதர்.

ஒரு டிக்கெட்டை மூடும்போது அதற்கு ஒரு காரணக் குறி இட வேண்டும். ‘பயனர் தவறு’ அக்குறிகளில் மிக மலிவானது. மென்பொருள் பிழை என்று குறித்தால் யாராவது அதைக் கண்டுபிடித்து, திருத்தி, சோதித்துப் பார்க்க வேண்டும். பயனர் தவறு என்றால் வேலை அங்கேயே முடிந்தது. மென்பொருள் பிழை என்ற குறிக்குச் சான்று கேட்டு, பயனர் தவறு என்பதற்குக் கேட்காமல் விடும் அமைப்பில் டிக்கெட்டுகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஆய்வு வேண்டியதில்லை. அளவுகோல் வேகமாக இருக்கும் வரை இது மாறாது. ஆகவே என் முதல் பரிந்துரை: பயனர் தவறு என்று மூடப்படும் ஒவ்வொன்றிலும் அவர் செய்த செயல் எது, பதிவுகளில் அது எங்கே தெரிகிறது என்பது எழுதப்பட வேண்டும், எழுத முடியாதவை ‘காரணம் அறியப்படவில்லை’ என்ற தலைப்பில் திறந்தே நிற்க வேண்டும். மாதக் கடைசி அறிக்கை அழகாக இராது. பரவாயில்லை.

இரண்டாவது, பதிவேடு யாருடையது என்பது. உயர் நீதிமன்ற வழக்கின்போது தெரிந்த பிழைகளின் பதிவேட்டை வெளியிட அஞ்சல் நிறுவனம் தொடக்கத்தில் தயங்கி எதிர்த்தது. வழக்குகளுக்காக ஃபுஜிட்சுவிடம் தணிக்கைத் தரவு கேட்பதற்கும் ஒப்பந்தத்தில் ஆண்டு வரம்பு இருந்தது. அதைத் தாண்டினால் கட்டணம். வெளியாரிடம் பராமரிப்பை ஒப்படைக்கும் நிறுவனங்கள் சேவை நேரத்தைப் பேரம் பேசும் அளவுக்குப் பிழைப் பதிவேட்டின் உரிமையைப் பேரம் பேசுவதில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் இரவுப் பணியில் அமர்ந்து அயல்நாட்டு வங்கிகளின் டிக்கெட்டுகளைப் பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமை புதிதாக இராது: தாங்கள் கண்டறிந்தது வாடிக்கையாளர் நிறுவனத்தில் யார் மேசைக்குப் போகிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது, ஆதரவுப் பணியாளரின் கை எவ்வளவு நீளம் என்பது. கிளைக்குத் தெரியாமலே அதன் கணக்கில் தொலைவிலிருந்து பதிவுகளைச் சேர்க்க ஃபுஜிட்சு பணியாளரால் முடிந்தது. அப்படி முடியாது என்று அஞ்சல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது. தரவைத் தொட்டுத் திருத்துவது பராமரிப்பில் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அத்திருத்தம் கணக்குக்கு உரியவரின் திரையில் அன்றே, திருத்தியவரின் அடையாளத்தோடு தோன்றுமாறு செய்வதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை.

பிழைகளைப் பொதுவில் வைத்தால் கையாடல் செய்தவரும் மென்பொருளைக் காட்டித் தப்பிவிடுவாரே என்ற எதிர்வாதம் உண்டு. அது வலுவற்றதன்று. ஆனால் பதிவேடு திறந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட துண்டு ஒரு குறிப்பிட்ட பிழையின் அறிகுறியோடு பொருந்துகிறதா என்று சோதிக்க முடியும். பொருந்தாவிட்டால் அந்தச் சாக்கு நிற்காது. மூடி வைத்தால் இரண்டு பக்கமும் நம்பிக்கையை மட்டுமே முன்வைக்க முடியும். டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத் திட்டம் 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தத்தில் தன் பிரச்சினைகளை மறைப்பதில்லை என்று உறுதி கூறி, பிழைத் தரவுத்தளம் முழுவதையும் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதனால் டெபியனை நம்பி இயங்கும் வழங்கிகள் குறைந்துவிடவில்லை. கட்டண ஒப்பந்தமும் வழக்கு அச்சமும் இல்லாத தன்னார்வத் திட்டத்தை ஒரு வணிக நிறுவனத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது சரிதான். பதிவேட்டை உலகுக்குத் திறக்க வேண்டாம், அந்த மென்பொருளால் கணக்குக் கேட்கப்படுபவருக்குத் திறந்தால் போதும்.

சட்டமும் இதில் ஒரு தரப்பு. கணினி ஒழுங்காக இயங்கியது என்பதற்குச் சான்று கேட்ட 1984ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவை இங்கிலாந்து 1999இல் இயற்றிய சட்டத்தால் நீக்கியது. அதன்பின் மாறாகக் காட்டப்படும் வரை கணினி சரியாகவே இயங்கியது என்று அனுமானிக்கப்பட்டது. மாறாகக் காட்டத் தேவையான தாள்களோ எதிர்த்தரப்பின் ஒப்பந்தக்காரரிடம் இருந்தன. இந்த அனுமானத்தை மாற்றலாமா என்று பிரிட்டிஷ் நீதி அமைச்சகம் 2025 ஜனவரியில் கருத்துக் கேட்கத் தொடங்கியது. புதிய விதி எந்த வடிவில் வந்தாலும், கணினிக் கணக்கை நம்பி ஒருவரைக் குற்றம் சாட்டும் நிறுவனம் அக்காலத்திய பிழைப் பதிவேட்டையும், அந்தப் பயனரின் டிக்கெட்டுகள் மூடப்பட்ட காரணக் குறிகளையும், அவர் தரவில் ஆதரவுப் பணியாளர் செய்த மாற்றங்களின் பதிவையும் முதல் நாளிலேயே ஒப்படைக்குமாறு அது கேட்க வேண்டும். இம்மூன்றையும் கேட்ட ஒரு வாரத்துக்குள் எடுத்துத் தர முடியாத நிறுவனத்துக்கு, தன் மென்பொருளைப் பற்றிச் சாட்சி சொல்லும் தகுதியும் இல்லை.