ஒரு போத்தல் தண்ணீரின் வரலாறு

தெளிந்த தண்ணீர் தூய தண்ணீர் என்று எண்ணுவது மனித இயல்பு. கண்ணுக்குக் கலங்கல் தெரியாவிடின், மூக்குக்கு வாடை எட்டாவிடின், நாவுக்குச் சுவை மாறாவிடின், அத்தண்ணீரைப் பருக எவரும் அஞ்சுவதில்லை. ஆயின், நெருப்புக்காய்ச்சலையும் வாந்திபேதியையும் பரப்பும் கிருமிகள் இம்மூன்று பொறிகளுக்கும் அகப்படுவன அல்ல. இவ்வுண்மையை உலகம் அறிந்துகொள்ளப் பல்லாயிரம் உயிர்களை விலையாகக் கொடுத்தது. அந்த அறிவு கொழும்பு மாநகருக்கு வந்து சேர்ந்த வரலாறு நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொழும்பு கிணற்று நீரை நம்பி வாழ்ந்த நகரம். துறைமுகம் வளர வளரக் கொட்டாஞ்சேனையிலும் அதனையடுத்த வீதிகளிலும் வணிகரும் தொழிலாளரும் நெருங்கிக் குடியேறினர். வீடுகள் நெருங்கிய இடத்தில் கிணறும் மலக்குழியும் அயலாயின. நிலத்துக்கு மேலே சுவர் இருந்தது. நிலத்துக்குக் கீழே தடையேதும் இருக்கவில்லை. இந்நிலையை மாற்றவே நகருக்குச் சுமார் 40 கிலோமீற்றர் தொலைவில், காடு சூழ்ந்த லபுகமவில் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டளவில் அங்கிருந்து நீர் இரும்புக் குழாய் வழியே மாளிகாகந்தையை அடைந்து, நகரத்துக்குப் பங்கிடப்பட்டது. உயர்ந்த நிலத்திலிருந்து தாழ்ந்த நிலத்துக்குத் தானாகவே பாய்ந்து வந்த அந்நீர், மனிதர் குடியிராத காட்டில் பிறந்தமையால் தூயதென்று கொள்ளப்பட்டது. ஆனால் பிறந்த இடத்தில் தூயதாயிருந்த நீர், குடிப்பவன் கையை அடையும்போதும் அவ்வாறே இருக்கின்றதா? இவ்வினாவுக்கு விடையளிக்க அன்று ஒரு புதிய அறிவியல் தேவைப்பட்டது.

அவ்வறிவியல் பிறந்த வகையைச் சிறிது நோக்குவோம். 1854இல் இலண்டனின் சோகோப் பகுதியில் வாந்திபேதி பரவியபோது, யோன் சினோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாக விசாரித்து, அவர்களுள் பெரும்பாலோர் புறோட் வீதியிலிருந்த ஒரே நீர்ப்பம்பியின் தண்ணீரைக் குடித்தவர் எனக் கண்டார். அவருடைய வேண்டுகோளின்படி பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. குற்றவாளி இருக்கும் இடத்தை அவர் அறிந்தார். குற்றவாளியின் முகத்தைக் காட்ட அவரால் இயலவில்லை. முப்பது ஆண்டுகளின் பின், 1884இல், கல்கத்தாவில் ஆராய்ச்சி நடத்திய யேர்மன் அறிஞர் றொபேட் கொக், நோயாளரின் குடலிற் கண்ட அதே கிருமியை மக்கள் குளித்தும் குடித்தும் வந்த குளத்து நீரிலும் கண்டார்.

1892இல் ஹம்பேர்க் நகரில் வாந்திபேதி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அதனை ஒட்டிக் கிடந்த அல்ற்றோனா நகரமும் அதே எல்பே ஆற்று நீரைத்தான் குடித்தது. ஆயினும் அங்கு இறந்தோர் மிகச் சிலரே. அல்ற்றோனாவில் நீர் மணற்படுகையினூடாக வடிகட்டப்பட்டது. ஹம்பேர்க்கில் அவ்வாறு செய்யப்படவில்லை. ஒரு தெருவின் இருபுறத்தும் வாழ்ந்த மக்களுள் ஒரு பக்கத்தார் மாண்டனர்; மறு பக்கத்தார் பிழைத்தனர். இதன்பின், ஒவ்வொரு வடியிலிருந்தும் வெளிவரும் நீரை நாள்தோறும் சோதிக்க வேண்டுமென்றும், ஒரு கன சென்ரிமீற்றரில் நூறு கிருமிகளுக்கு மேல் இருத்தலாகாதென்றும் கொக் வகுத்தார். தண்ணீரைச் சோதிப்பது ஊராட்சியின் கடமை என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

எனினும் ஒரு தொல்லை எஞ்சி நின்றது. நோய்க்கிருமிகள் நீரில் மிகச் சிலவாய், சில வேளைகளில் மட்டுமே காணப்படும். அவற்றைத் தேடிப்பிடித்தல் அரிது. எனவே அறிஞர்கள் வேறொரு வழியைக் கண்டனர். 1885இல் தியோடோர் எஷெரிச் என்பவர் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த ஒரு பற்றீரியா, மனிதர் விலங்குகளின் குடலில் எப்போதும் பெருந்தொகையாக வாழ்வது. அது தண்ணீரில் இருக்குமாயின், மலம் அத்தண்ணீரைத் தீண்டியுள்ளது என்பது உறுதி. கள்வனைக் காணாவிடினும் அவன் காலடித் தடத்தைக் காண்பது போன்றது இது. வெப்ப நாடுகளிலோ, மண்ணிலும் இலைச் சருகிலும் வாழும் இனப்பற்றீரியாக்கள் சோதனையை மயக்குவதுண்டு. முன்னர் யாவாவிற் பணியாற்றிய ஒல்லாந்த அறிஞர் ஐக்மன், 1904இல், 46 பாகை வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தால் குடலில் வாழ்வனவற்றைப் பிரித்தறியலாம் எனக் காட்டினார். பின்னாளில் 44 பாகைச் சோதனை இதிலிருந்தே வளர்ந்தது.

இவ்வறிவை ஏற்றுக்கொள்ள இலங்கை பிந்தவில்லை. டி சொய்சாக் குடும்பத்தாரின் கொடையால் இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் கொழும்பில் பற்றீரியவியல் நிறுவகம் எழுந்தது. இன்று பொரளையில் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் மூலம் அதுவே. 1903இல் இத்தாலிய அறிஞர் அல்டோ கஸ்ரெல்லானி அங்கு பொறுப்பேற்று, குடல்நோய்க் கிருமிகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். மாநகரசபையும் தனக்கென ஒரு நுண்ணுயிரியலாளரை நியமித்தது. அப்பதவியை வகித்த ஃபேபியன் ஹேர்ஸ்ற், 1914இல் கொழும்பிற் தோன்றிய பிளேக் நோயை ஆராய்ந்து உலகப் புகழ் எய்தினார். தமிழகத்திலும் அக்காலத்திலேயே கிண்டியில் கிங் நிறுவனம் தோன்றியது.

ஆய்வுகூடம் எத்துணைச் சிறந்ததாயினும், அதன் தீர்ப்பு அங்கு வந்து சேரும் போத்தலைப் பொறுத்ததே. அப்போத்தலை நிரப்புபவர் பேரறிஞர் அல்லர். வீதியில் நடந்து திரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவருடைய கையின் ஒழுக்கத்திலேயே எல்லாம் தங்கியுள்ளது. போத்தல் முன்னரே வெப்பத்தாற் கிருமி நீக்கப்பட்டு, மூடியின்மேல் தாள் கட்டப்பட்டிருக்கும். குளோரீன் இட்ட நீராயின், போத்தலினுள் சிறிது சோடியந் தயோசல்பேற்று இடப்பட்டிருக்கும். இல்லையேல் வழியிலும் குளோரீன் கிருமிகளைக் கொன்றுகொண்டேயிருக்க, குழாயடியில் இருந்த உண்மை நிலை மறைந்துவிடும். இக்காரணத்தால் போத்தலை முன்கூட்டிக் கழுவுதல் ஆகாது. குழாயின் வாயைத் துடைத்துத் தீச்சுடராற் சுட்டு, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டபின், மூடியின் உட்புறத்தைக் கையாலே தொடாமல், மேலே சிறிது இடம் விட்டு நிரப்புதல் வேண்டும். கிணறாயின், கல் கட்டிய போத்தலைக் கயிற்றால் இறக்கி, மேல்நீரை விட்டு உள்நீரை எடுத்தல் வேண்டும். இடம், நாள், நேரம் ஆகியவற்றை எழுதி, பனிக்கட்டியில் வைத்து, கூடுமாயின் ஆறு மணி நேரத்துள்ளும், எவ்வாறாயினும் இருபத்துநான்கு மணி நேரத்துள்ளும் சேர்ப்பித்தல் வேண்டும்.

இவற்றுள் ஒன்று தவறினும் போத்தல் பொய் சொல்லும். அழுக்கு விரல் பட்டால் நல்ல நீர் தீயதாகத் தோன்றும். அதனால் வீண் அச்சம் விளையும். வெயிலில் நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருகவுங் கூடும், மடியவுங் கூடும். தீய நீர் நல்லதெனத் தோன்றும் பிழையே கொடியது. ஏனெனில் அதனை எவரும் மறுமுறை சோதிக்க நினையார்.

மற்றுமொரு வரம்பையும் உணர்தல் நன்று. பித்த உப்பும் பாற்சீனியும் சேர்ந்த ஊடகத்தில் நீரை இட்டு, 37 பாகை வெப்பத்தில் இரண்டு நாள் வரை வைத்து, வாயு எழுகின்றதா என நோக்குவது பழைய முறை. விடை வருமுன் அத்தண்ணீர் குடிக்கப்பட்டுவிடும். ஆகவே ஒரு போத்தலால் எவரையும் காத்தல் இயலாது. வாரந்தோறும் திங்கள்தோறும் தொடர்ந்து எடுக்கப்படும் போத்தல்களின் வரிசையே காவல்.

அவற்றை எங்கே எடுப்பது என்பது நீதியைச் சார்ந்த வினா. வெள்ளவத்தையில் தனிவீட்டுக் குழாயும், கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் பல குடும்பங்கள் குடங்களுடன் வரிசையில் நிற்கும் பொதுக்குழாயும் ஒரே நீரைத் தரவேண்டியவை. ஆயின் குழாயின் கடைசி முனையில் நீரழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த வேளையில் வெடிப்பினூடாக அயலிலுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படலாம். நீரேற்று நிலையத்தின் வாசலில் மட்டும் போத்தலை நிரப்புபவர், ஏழையின் குடத்தைச் சோதியாது விடுகின்றார். எளிதில் எட்டும் குழாயை விடுத்துக் கடைசிக் குழாயை நாடிச் செல்வதே நேர்மையான சோதனை.

காலம் மாறிவிட்டது. லபுகமவுடன் கலட்டுவாவை நீர்த்தேக்கமும் களனி கங்கை நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தலே நிலையமும் சேர்ந்தன. 1958இல் உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு அனைத்துலகத் தரங்களை வெளியிட்டது. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அமைக்கப்பட்டது. குடிநீர் 100 மில்லிலீற்றரில் மலத்தைச் சுட்டும் அப்பற்றீரியா ஒன்றேனும் இருத்தலாகாது என்பது இன்றைய விதி. கருவிகளும் விரைவுற்றன. ஆயினும் குழாயடியில் குனிந்து, சுடர் பிடித்து, பொறுமையோடு காத்திருக்கும் மனிதனின் வேலை மாறவில்லை.

கொழும்பில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுக்கும்போது, அதற்குப் பின்னால் லபுகமக் காடும் ஹம்பேர்க்கின் துயரமும் இருப்பதை அவள் எண்ணுவதில்லை. எண்ணவேண்டிய தேவையின்றி அவள் கொடுக்கின்றாள் என்பதே அச்சிறு போத்தலின் வெற்றி. அவ்வெற்றி ஒருநாளிற் பெற்று வைத்துக்கொள்ளும் பொருளன்று. ஒவ்வொரு வாரமும் புதிதாய்ப் பெறவேண்டியதாகும்.