கம்பிச் சுருக்கு காத்த குடல்

1969க்கு முன், மலவாய் வழியே நுழைக்கும் விறைப்பான குழாய் எட்டாத பெருங்குடல் பகுதியில் பாலிப் என்னும் சதை வளர்ச்சி இருந்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஹிரோமி ஷின்யாவும் வில்லியம் வுல்ஃபும் கொலனோஸ்கோப் என்னும் வளையும் குடல்நோக்கிக் குழாய் வழியே கம்பிச் சுருக்கை அனுப்பி, பாலிப்பின் காம்பை இறுக்கி, மின்சூட்டால் அறுத்தெடுத்தார்கள்.

சுவரோடு படர்ந்த பெரிய பாலிப்புகள்தான் சிக்கல். குடல் சுவர் மெல்லியது, சூட்டால் அறுத்தால் ஓட்டை விழலாம். ரோசன்பர்க் என்ற மருத்துவர் 1955இலேயே பாலிப்புக்கு அடியில் உப்புநீர் ஏற்றிக் காட்டியிருந்தார். 1973இல் டெய்லே குழுவினர் அதையே கொலனோஸ்கோப்பில் செய்தார்கள். நீர் மெத்தைபோல் பாலிப்பைத் தூக்கி நிறுத்த, கீழ்த்தசை தப்பியது. எவ்வளவு எளிய யோசனை! பின்னாளில் ஜப்பானியர்கள் நுண்கத்தியால் பெரும் பாலிப்பையும் ஒரே துண்டாகச் சீவி எடுத்தார்கள்.

பாலிப்பை அகற்றினால் புற்றுநோய் குறையும் என்று 1993இல் அமெரிக்காவின் தேசிய பாலிப் ஆய்வு காட்டியது. மருத்துவர் குடல் பரிசோதனைக்குச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.