தோட்டப்புறமும் சமூக, பொருளாதார உரிமைகளும்: செலண்டார் வட்டாரம், மலாக்கா

வேலை, நியாயமான சம்பளம், உறைவிடம், மருத்துவம், கல்வி, முதுமைக் காப்பு ஆகியவற்றை ஆள்பவரின் தயவாகக் கருதாமல் மனிதரின் உரிமையாகக் கொள்வதே சமூக, பொருளாதார உரிமை எனப்படுகிறது. ஜாசின் மாவட்டத்துச் செலண்டாரையும் ஆசகானையும் சுற்றியிருந்த தோட்டங்களில் இவற்றுள் பல, குறைவாகவேனும், சட்டத்தின் பேரில் கிடைத்தன. ஆனால் அவை ஆளுக்குக் கிடைத்தவை அல்ல, அவர் பார்த்த வேலைக்குக் கிடைத்தவை. செக்ரோல் எனப்படும் வேலையாள் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை லயத்தில் வீடு, ஆயாக்கொட்டகையில் பிள்ளைக்கு இடம், தோட்ட மருந்தகத்தில் மருந்து. பெயர் நீங்கினால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். இந்த முடிச்சு இன்றும் முழுதாக அவிழவில்லை.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் தோன்றியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். அடுத்து ஆசகானில் பெரிய அளவில் காடு திறக்கப்பட்டது. பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் பொறுப்பு கங்காணிகளிடம் இருந்தது. 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றது. இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அண்டையிலிருந்த மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பெருகியதற்கு இது ஒரு காரணம். அந்தப் பள்ளியின் நிலமும் கட்டடமும் கம்பெனியுடையவை. பெண்களுக்கான நிர்ணயச் சம்பளம் ஆண்களுடையதைவிடக் குறைவு.

உரிமை என்ற பேச்சைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தவர்கள் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் அவர்கள் கேட்டவை: சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு முடிவு. அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கூலியையும் மானத்தையும் அவர்கள் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1948இல், ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் சமூகப் பாதுகாப்பு, வேலை, தக்க வாழ்க்கைத்தரம், கல்வி ஆகியவற்றை 22 முதல் 26 வரையிலான பிரிவுகளில் எழுதிவைத்தது. மறு ஆண்டு மலாயாவில் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார்.

ஊழியர் சேமநிதி 1951இல் வந்தது. 1954இல் பி. பி. நாராயணன் முன்னின்று தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957ஆம் ஆண்டின் கூட்டரசு அரசியல் சாசனம் உயிர், சமத்துவம், சொத்து, கட்டாய உழைப்பின்மை ஆகியவற்றைக் காத்தது. கல்வியில் பாகுபாட்டைத் தடுத்தது. ஆனால் வீட்டுக்கும் வேலைக்கும் அதில் தனிப் பிரிவு இல்லை. இந்தியச் சாசனத்தில் உள்ளவை போன்ற அரசு வழிகாட்டு நெறிகளும் இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைத் தோட்டத் துண்டாடல் காட்டியது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கிக் கைமாற்றினார்கள். தலைமுறையாக இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது இதற்குக் கிடைத்த மிகத் துணிவான பதில். 1967இல் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் கோரிக்கையோடு கோலாலம்பூர்வரை நடந்தே போனார்கள். மலாக்காவின் தொழிலாளர் வரலாற்றில் அந்த நடைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

அனைத்துலக அரங்கில் 1958இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தோட்டங்களுக்கென்றே 110ஆம் உடன்பாட்டை ஏற்றது. சம்பளம், குடியிருப்பு, மருத்துவம், பேறுகாலம் எல்லாம் அதில் உண்டு. மலேசியா அதில் சேரவில்லை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு உடன்படிக்கை 1976இல் நடப்புக்கு வந்தது. இந்தியாவும் இலங்கையும் இணைந்துவிட்ட அந்த உடன்படிக்கையையும் மலேசியா ஏற்கவில்லை. பெண்கள், குழந்தைகள் குறித்த உடன்பாடுகளை 1995இல் ஏற்றது. ஆனாலும் இலவசக் கட்டாயத் தொடக்கக் கல்வி குறித்த உட்பிரிவுக்கு விலக்குக் கேட்டு வைத்துக்கொண்டது. ஏற்ற உடன்பாடும் நாடாளுமன்றம் சட்டமாக்கினால்தான் நீதிமன்றத்தில் செல்லும் என்பதே இங்குள்ள பொது விதி.

நீதிமன்றம் ஒரு வாசலைத் திறந்தது. 1996இல் டான் டெக் செங் வழக்கில், வேலை நீக்கப்பட்ட ஆசிரியர் ஒருவருக்காக மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி கோபால் ஸ்ரீராம் இந்தியத் தீர்ப்புகளைத் துணைக்கொண்டு, சாசனத்தின் 5ஆம் பிரிவிலுள்ள 'உயிர்' வெறும் மூச்சு அன்று, பிழைப்பும் வாழ்வின் தரமும் அதில் அடங்கும் என்றார். சுகுமார் பாலகிருஷ்ணன் வழக்கில் 2002இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த விரிவை ஏற்கவில்லை. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் மீண்டும் விரிந்த பொருளே தலைதூக்கியது. இத்தனைக்கும் பிறகும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசுக்கு எதிராக உறைவிட உரிமை என்ற ஒன்றை நேரடியாகச் சுட்டிக்காட்டத் தோட்டத் தொழிலாளிக்குச் சாசனத்தில் வரி கிடையாது.

அவருக்கு எட்டிய சட்டங்கள் வேறு. தொழிலாளர் குடியிருப்புக்கான 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1990இல் 446ஆம் சட்டம் வந்தது. வீட்டின் தரம், தண்ணீர், மின்சாரம், ஆயாக்கொட்டகை, மருத்துவ வசதி ஆகியவற்றுக்கு அது முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. வேலை முடிந்தால் 1980ஆம் ஆண்டு விதிகள் இழப்பீடு தருகின்றன: ஐந்தாண்டோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபத்தைந்து ஆண்டு பால் வெட்டியவருக்கு 500 நாள் கூலி. மாதம் 26 நாள் என்று வைத்தால் பத்தொன்பது மாதச் சம்பளம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டம் வீடமைப்பு மனையானபோதும் கைக்கு வந்தது இவ்வளவுதான். அந்தப் பணத்தில் வீடு வாங்க முடியாமல் குடும்பங்கள் பட்டணத்துப் புறம்போக்கில் குடிசை போட்டன.

சம்பளத்தில் முன்னேற்றம் தெளிவாக உண்டு. ரப்பர் விலையோடு ஏறி இறங்கிய நாள்கூலிக்கு மாற்றாக மாதச் சம்பளம் கேட்ட நீண்ட போராட்டம் நடந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 2013 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது. அது 2022இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. பேறுகால விடுப்பு 2023 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.

இன்று தோட்ட வேலையில் பெரும்பகுதி இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுடையது. அவர்களுக்கும் தங்குமிடம் வேலையோடு கட்டப்பட்டதே. 446ஆம் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு தோட்டத்துக்கு வெளியிலுள்ள விடுதிகளுக்கும் விரிந்தது. ஆனால் ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு என்ற கடமையை அந்தத் திருத்தமும் எவர்மீதும் சுமத்தவில்லை. நாடாளுமன்றம் அடுத்துச் சேர்க்க வேண்டிய பிரிவு அதுதான்.