செய்தியோடை: ஒரு பழைய கதை

இரண்டு மாதம் முன்பு, ஞாபக மறதி பற்றி எழுதும் ஒரு மருத்துவப் பக்கத்தைச் சமூக வலைத்தளம் ஒன்றில் பின்தொடர ஆரம்பித்தேன். பழைய மாணவர்களின் பெயர்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகின்றன. அதனால் ஒரு பயம். சில நாளில் ஞாபகசக்தி மாத்திரை விளம்பரங்கள் என் கைபேசியில் வரிசைகட்டி நின்றன. பேத்தி பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். வீட்டில் யாரிடமும் நான் சொல்லாத விஷயம் அது. அவளுக்கே தெரிந்த பிறகு உங்களுக்குத் தெரிந்தால் என்ன!

அப்போதுதான் நான் கைவிட்ட ஒரு பழைய ஏற்பாடு நினைவுக்கு வந்தது. அதன் பெயர் ஆர்எஸ்எஸ். (நீங்கள் நினைக்கும் ஆர்எஸ்எஸ் இல்லை, பின்னூட்டத்தில் சண்டை வேண்டாம்.) தமிழில் செய்தியோடை என்போம். 1999 மார்ச்சில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. உருவாக்கியவர்கள் டான் லிப்பி, ராமநாதன் குஹா. குஹா நம் சென்னை ஐஐடியில் படித்தவர்.

விஷயம் எளிது. இணையதளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துவிடும். நம் கணினியில் இருக்கும் வாசிப்பான் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக இருந்தால் எடுத்து வரும். பள்ளிக்கூட அறிவிப்புப் பலகை மாதிரி. பார்த்தவர்கள் யாரும் பலகையில் கையெழுத்துப் போடுவதில்லையே. மின்னஞ்சல் முகவரி தர வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். வந்துபோன கணினியின் இணைய எண் அந்தத் தளத்துக்குத் தெரியும். ஆள் பெயர் தெரியாது. அவர் வேறு எங்கெல்லாம் போகிறார் என்பதும் அதற்குத் தெரியாது. அந்தப் பட்டியல் நம்மிடமே இருக்கும். அந்தரங்கத்தைக் காப்பதற்கென்று இதைச் செய்யவில்லை. தங்கள் முகப்புப் பக்கத்தில் மற்ற தளங்களின் தலைப்புகளைக் காட்டத்தான் செய்தார்கள். நாமே போய் எடுத்து வருவதால் அந்த நன்மை தானாகக் கிடைத்தது.

நெட்ஸ்கேப் சீக்கிரமே கைகழுவிவிட்டது. பிறகு பங்காளிச் சண்டை. டேவ் வைனர் ஒரு வழியில் போனார். 2000 டிசம்பரில் இன்னொரு குழு வேறு வடிவத்தை வெளியிட்டது. அந்தக் குழுவில் ஆரன் ஸ்வார்ட்ஸுக்கு அப்போது வயது 14! ஒன்பதாம் வகுப்புப் பையன்களை வைத்து மாரடித்தவன் என்ற முறையில், இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. 2002இல் வைனரின் 2.0 வந்தது, 2005இல் ஆட்டம் என்று மூன்றாவது. வாசிப்பான்கள் எல்லாவற்றையும் படிக்கக் கற்றுக்கொண்டன.

தமிழில் 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். யார் எழுதினாலும், ஓடை வழியாகத் தலைப்பு அங்கே வந்து விழும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து படித்த ஆள் நான்.

2005 அக்டோபரில் கூகுள் ரீடர் வந்தது. இலவசம், நன்றாகவும் இருந்தது. நானும் என் பட்டியலைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். யார் என்ன படிக்கிறார்கள் என்பது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது அந்த இடத்தில்தான். அன்று அது உறைக்கவில்லை. 2013 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்து, ஜூலை 1ஆம் தேதி மூடிவிட்டார்கள். பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொள்ள வழி கொடுத்திருந்தார்கள். நான் எடுக்கவில்லை. சிநேகிதர்கள் எல்லாரும் இருக்கிறார்கள் என்று சமூக வலைத்தளங்களுக்கு வந்துவிட்டேன்.

ஓடை செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் கேட்கும் பாட்காஸ்ட்டுகள் பெரும்பாலும் இன்றும் இதே ஓடையில்தான் வருகின்றன.

போன வாரம் பழைய மடிக்கணினியில் ஒரு வாசிப்பானை நிறுவினேன். பட்டியலை ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தேன், பாதி மறந்துவிட்டது. இப்போதைக்குப் பதினொரு தளங்கள் இருக்கின்றன. ஞாபக மறதி பற்றியது ஒன்று. மற்ற பத்து என்னென்ன என்று பேத்தி கேட்டாள், சொல்லவில்லை.