பள்ளிப்படை: மேற்பாடி சொல்வது

பள்ளிப்படை என்றதும் கும்பகோணத்துக்காரருக்குத் திருப்புறம்பியம் நினைவுக்கு வரும். கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் அங்கே இருட்டில் சதிகாரரைக் கூட்டிவைத்த பிறகு, அரசன் உடலைப் புதைத்து மேலே எழுப்பிய கோயில் என்பதே அச்சொல்லின் பொருளாக நிலைத்துவிட்டது. அது பாதிப் பொருள்தான் என்பது என் கட்சி. அதற்கான சான்று காவிரிக்கரையில் இல்லை. சோழரின் வட எல்லையான தொண்டை நாட்டில், அதிகம் பேர் எட்டிப் பாராத ஊர்களில் கிடக்கிறது.

முதலில் சொல். ‘பள்ளி’ படுக்கையையும் குறிக்கும், சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தையும் குறிக்கும். ஆகவே இது பௌத்தத் தூபியின் வழிவந்த வழக்கு என்பாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. விடு விடையாவதுபோல், தொடு தொடையாவதுபோல், படு படையாகியிருக்கிறது; துயிலிடத்தில் படுத்த நிலை என்பதே நேர்ப்பொருள். இறந்தவரைத் துஞ்சினார் என்று சொல்லி, துஞ்சிய இடத்தையே பெயராக்குவது தமிழ்ப் பழக்கம்: குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் சங்க காலத்தவன். அதே முறையில் சுந்தர சோழன், காஞ்சியில் இறந்தவன், பொன்மாளிகைத் துஞ்சின தேவரானான். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூரில் துஞ்சியவன். காளத்தி அருகிலுள்ள அந்த ஊரிலேயே மகன் முதலாம் பராந்தகன் ஆதித்தேச்சரம் எடுத்தான். இதுவரை துஞ்சிய ஊரும் கோயிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

மேற்பாடியில் அது மாறுகிறது. இன்றைய வேலூர் மாவட்டத்தில், பொன்னை ஆற்றங்கரையிலுள்ள அரிஞ்சிகை ஈச்சரத்தை, ஆற்றூர்த் துஞ்சின தேவருக்குப் ‘பள்ளிப்படையாக’ முதலாம் இராஜராஜன் எடுப்பித்தான் என்று அவனது 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அந்தத் தேவர் அவன் பாட்டன் அரிஞ்சயன். ஆற்றூர் எந்த ஊர் என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடலாம். துஞ்சியது ஆற்றூரில், கோயில் மேற்பாடியில் என்பதைக் கல்வெட்டே பிரித்துச் சொல்லிவிடுகிறது. அரிஞ்சயன் இறந்தது 957ஐ ஒட்டி; இராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985இல். சாம்பலைக் காத்து வைத்திருந்து பேரன் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஏறக்குறைய முப்பது ஆண்டு காத்த சாம்பலுக்குக் கல்வெட்டில் ஒரு சொல்கூடவா இல்லாமல் போகும்? ‘பள்ளிப்படையாக’ என்பதிலுள்ள ‘ஆக’ இங்கே கவனிக்கத்தக்கது. மண்ணுக்கடியில் இருப்பதைச் சுட்டாமல், கோயில் யாருக்காக, என்ன நோக்கத்தில் எழுந்தது என்பதையே அது சுட்டுகிறது. புதைத்த இடத்தின் பெயர் நினைவுக் கோயிலின் பெயராக விரிந்துவிட்டது.

மறுப்பவர்கள் பட்டீசுவரத்தைக் காட்டுவார்கள். சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்காக இராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை அது. அங்கே இலகுலீச பண்டிதர் மடாதிபதியாக இருந்தார். சுடலைச் சாம்பலுக்குக் கூசாத பாசுபத நெறியினர் பொறுப்பில் இருந்ததால் அங்கே உடல் இருந்திருக்கத்தான் வேண்டும் என்பது வாதம். இறந்தவர் பெயரால் அமைந்த கோயிலைத் தீட்டென்று ஒதுக்காதவர் அவர் என்பதற்கு மேல் இதிலிருந்து எதுவும் பெற முடியாது.

இராஜராஜன் பள்ளிப்படை என்று சொல்லப்படும் உடையாளூரின் விவகாரமும் இப்படித்தான். அங்குள்ள பால்குளத்தி அம்மன் கோயில் தூண் கல்வெட்டு, முதலாம் குலோத்துங்கனின் 42ஆம் ஆண்டினது, சிவபாதசேகரனான இராஜராஜனின் திருமாளிகையில் பெரிய மண்டபத்தின் சிதைந்த முன்பகுதி புதுப்பிக்கப்பட்டதைச் சொல்கிறது. திருமாளிகை என்று இருக்கிறது. பள்ளிப்படை என்று இல்லை. மேற்பாடியில் அச்சொல்லைத் தயங்காமல் வெட்டுவித்த அரச மரபு இது. சொல் கிடைக்காதவரை உடையாளூரை இராஜராஜன் பள்ளிப்படை என்று எழுதுவது சரியல்ல.