துருக்கி: நீரிணைகளும் வல்லரசுப் போட்டியும்

கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் செல்லும் ஒரே கடல்வழி, பொஸ்போரஸ், டார்டனெல்ஸ் என்னும் இரு நீரிணைகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட மர்மரா கடலையும் கொண்டது. இவை முழுவதும் துருக்கியின் ஆட்சியில் உள்ளன. நடுத்தர வலிமையுள்ள நாடான துருக்கியை ரஷ்யாவும் மேற்கு நாடுகளும் ஒருசேர அனுசரிக்க வேண்டியிருப்பதற்கு, அதன் படைபலத்தைவிட இந்த இருப்பிடமே முதன்மையான காரணம்.

1923ஆம் ஆண்டின் லோசான் ஏற்பாடு நீரிணைக் கரைகளில் படை வைக்கத் தடை விதித்து, போக்குவரத்தைப் பன்னாட்டு ஆணையம் ஒன்றின் மேற்பார்வையில் விட்டிருந்தது. 1936 ஜூலை 20 அன்று சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அந்த அதிகாரத்தைத் துருக்கிக்கு மீட்டுத் தந்தது. அதன்படி, அமைதிக் காலத்தில் வணிகக் கப்பல்களுக்குத் தடையில்லை. கருங்கடலில் கரையில்லாத நாடுகளின் போர்க்கப்பல்கள் அங்கே 21 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. மொத்த எடைக்கும் உச்சவரம்பு உண்டு. துருக்கி சேராத போரில், போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வழி அடைக்கப்படும். தளம் திரும்பும் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு.

இரண்டாம் உலகப்போரின் பெரும்பகுதியில் துருக்கி நடுநிலை வகித்தது. போர் முடிந்ததும் நீரிணைகளின் காவலில் தனக்கும் பங்கு வேண்டும் என்று சோவியத் ஒன்றியம் நெருக்கியது. 1946 ஏப்ரலில் அமெரிக்கா, வாஷிங்டனில் முன்பே காலமாகியிருந்த துருக்கித் தூதரின் உடலை 'மிசூரி' என்ற பெரும் போர்க்கப்பலில் இஸ்தான்புலுக்கு அனுப்பியது. இறுதி மரியாதைக்கு இவ்வளவு பீரங்கிகள் தேவையில்லை, செய்தி மாஸ்கோவுக்கானது. 1952இல் துருக்கி நேட்டோவில் சேர்ந்தது.

ஆனால் அந்த உறவில் கசப்பு விரைவிலேயே கலந்தது. கியூபா நெருக்கடியைத் தீர்க்க, துருக்கியிலிருந்த ஜூபிட்டர் ஏவுகணைகளை விலக்கிக்கொள்வதாக அமெரிக்கா 1962இல் துருக்கிக்குத் தெரியாமலே சோவியத்திடம் ஒப்புக்கொண்டது. துருக்கி சைப்ரஸ் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து 1975இல் ஆயுத விற்பனைக்கும் தடை விதித்தது. ஒரே புரவலரை நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் அங்காராவில் வேரூன்றியதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

உக்ரைன் போர் இந்தப் போக்கை வெளிச்சமிட்டது. 2022 பிப்ரவரி இறுதியில் துருக்கி மொந்த்ரோ விதிப்படி போர்க்கப்பல்களுக்கு வழியை மூடியது. கருங்கடலில் இழந்த கப்பல்களுக்கு ஈடாக வேறு கடற்படைகளிலிருந்து கப்பல் கொண்டுவர ரஷ்யாவால் இயலவில்லை. நேட்டோ கப்பல்களும் வெளியிலேயே நின்றன. உக்ரைனுக்கு பைரக்தார் ட்ரோன்களை விற்ற துருக்கி, ரஷ்யா மீதான மேற்கத்தியத் தடைகளில் சேரவில்லை. அந்த ஜூலையில் ஐ.நா.வுடன் சேர்ந்து தானிய ஏற்றுமதி உடன்பாட்டையும் முடித்துவைத்தது. ஓராண்டுக்குப் பின் ரஷ்யா அதிலிருந்து விலகியது.

இந்த ஆட்டத்துக்குத் துருக்கி விலையும் கொடுத்திருக்கிறது. 2019இல் ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணை அமைப்பு வந்திறங்கியதும், எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து அமெரிக்கா துருக்கியை வெளியேற்றியது. அந்த விமானத்துக்கு உதிரிபாகங்கள் செய்துவந்த துருக்கி நிறுவனங்களும் சந்தையை இழந்தன.