பிரிட்டிஷ் போல்ட், பிரெஞ்சு மரை, நம்ம ஈயம்

மலேசியத் தமிழர் வாயில் கார் என்பது ‘காடி’தான். அந்தக் காடியை ஓட்டுகிறவருக்குக் காலனிய காலத்தில் ‘சைஸ்’ என்று பெயர். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் குறித்த சொல் அது. குதிரை போய் மோட்டார் வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. துரை பின்னால் உட்காருவார், சைஸ் முன்னால் உட்காருவான். ஏற்பாடு மாறலைன்னா பெயர் எதுக்கு மாறணும்?

இரண்டே இருக்கை கொண்ட ஸ்போர்ட்ஸ் காரில் இந்த ஏற்பாடு செல்லவில்லை. வாங்கியவரே ஓட்டினார், ஓட்டுவதற்காகவே வாங்கினார். சைஸுக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் அந்த வண்டி வழியில் நின்றுபோனால் எங்கே போகும்? பட்டறைக்குத்தான். பினாங்கில் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் கதையை யாராவது எழுத உட்கார்ந்தால், அவை ஓடிய கடலோரச் சாலைகளை விட்டுவிட்டு, அவை நின்ற பட்டறைகளில் தொடங்குவது நல்லது.

ஓர் எம்ஜி டிசியை எடுத்துக்கொள்வோம். 1945இல் போர் முடிந்த கையோடு, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் இருந்து வந்த வண்டி. 1250 சிசி எஞ்சின், மெலிந்த சக்கரம், மரச்சட்டத்தின் மேல் தகடு அடித்த உடம்பு. 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் செய்தார்கள். எல்லாமே வலது பக்க ஸ்டீயரிங், அமெரிக்காவுக்குப் போனவைகூட. போரில் கடன்பட்டுக் கிடந்த பிரிட்டனுக்கு அப்போது டாலர் வேண்டும். ஏற்றுமதி செய்கிறவனுக்குத்தான் எஃகு ஒதுக்கீடு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதே ஆண்டுகளில் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்கு அதிக டாலர் சம்பாதித்துக் கொடுத்த காலனி எது தெரியுமா? மலாயா. ரப்பரும் ஈயமும் விற்ற காசு.

இந்த வண்டியை வீட்டுக் கொட்டகையில் பிரிக்கிறவர் முதலில் முழிப்பது போல்ட்டைப் பார்த்துத்தான். பழைய பிரிட்டிஷ் ஸ்பேனரில் கால் அங்குலம் என்று பொறித்திருக்கும். அளந்து பார்த்தால் வாய் கால் அங்குலம் இருக்காது, அதைவிடப் பெரிசாக இருக்கும். ஏனென்றால் அந்த எண் போல்ட்டின் தண்டைக் குறிக்கிறது, தலையை அல்ல. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த மரை அளவில் இருந்து வந்த வழக்கம் இது. சரி, விட்வொர்த் ஸ்பேனர் தேடி எடுத்தாச்சு, தலையில் கச்சிதமாக உட்காருது. அப்பாடா என்று நினைக்கும்போதுதான் அடுத்த சிக்கல். டிசி எஞ்சினில் தலை மட்டும்தான் பிரிட்டிஷ். உள்ளே மரை மெட்ரிக்.

இதன் பின்னால் ஒரு கதை உண்டு. முதல் உலகப்போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி இங்கிலாந்தில் காவன்ட்ரிக்கு வந்து ஆலை போட்டது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலை இல்லை. மாரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்தார்கள். 1923இல் மாரிஸ் அந்த ஆலையையே வாங்கிவிட்டார். உள்ளே இருந்த இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக். மாற்றுவதற்குச் செலவு ஆகும். அதனால் மரையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பேனருக்குப் பொருந்துகிற மாதிரி தலையை மட்டும் மாற்றினார்கள். தெரியாதவர் ஆங்கிலேய நட்டைப் போட்டு முறுக்கினால் மரை அழிந்துவிடும். ‘மரை கழண்ட கேஸ்’ என்று நாம் ஆளைத் திட்டுவோமே, அது இங்கே உலோகத்திலேயே நடக்கும்.

ஆக, ஆங்கிலேயப் பெருமையின் சின்னமாகக் காட்டப்படும் வண்டியின் இதயத்தில் ஓடுவது பிரெஞ்சு மரை. இன்னும் கொஞ்சம் பிரித்தால் நம் ஊரும் வரும்.

அந்தக் கால எஞ்சின் பேரிங்குகளின் உட்பூச்சை ‘ஒயிட் மெட்டல்’ என்பார்கள். பெரும்பாலும் வெள்ளீயம், கூடவே ஆன்டிமனியும் செம்பும். உடம்புத் தகடுகள் சேரும் இடங்களில் ஈயக் கலவையை உருக்கித் தடவி, அரத்தால் ராவி வழவழப்பாக்குவார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவாரே, அவர் வேலைக்கு இது அண்ணன் முறை. மலாயா ஈயத்தில் பெரும்பங்கை உருக்கிய உலைகளில் ஒன்று ஜார்ஜ் டவுனில், டத்தோ கிராமட் சாலையில் இருந்தது. சீன வணிகர் தொடங்கியது, 1907இல் ‘ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங்’ ஆனது, பிறகு பிரிட்டிஷ் கைக்குப் போனது. எந்த பேரிங்கில் எந்தச் சுரங்கத்து ஈயம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்து வண்டி ஒன்றின் உள்ளே இந்த மண்ணில் ஒரு துளியாவது இருந்திருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை.

டயரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டன்லப் கம்பெனிக்கு மலாயாவில் சொந்தத் தோட்டங்களே இருந்தன. பால் வெட்டியவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். நாகப்பட்டினத்திலும் மெட்ராஸிலும் ‘ரஜுலா’ போன்ற கப்பல்களில் ஏறி, ஜெரஜாக் தீவில் தனிமை முகாமில் அடைபட்டு, பிறகு தோட்டத்துக்குப் போனவர்கள். அவர்கள் வெட்டிய பால் கப்பலேறிப் போய், டயராகித் திரும்பி வந்தது. துரை அதில் ஏறிப் போனார்.

பழைய வண்டியைப் பிரித்துச் சேர்ப்பது பிரிட்டனில் ஒரு வார இறுதிப் பழக்கம். லோட்டஸ் கம்பெனியே அப்படித்தான் பிறந்தது. 1948இல் காலின் சாப்மன் ஒரு பழைய ஆஸ்டின் செவனை வாங்கி, காதலியின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் வைத்து முதல் வண்டியைக் கட்டினார். 1957இல் வந்த லோட்டஸ் செவனைப் பாகங்களாகவே வாங்கலாம், வீட்டில் நாமே பூட்டிக்கொள்ளலாம். முழு காருக்கு இருந்த கொள்முதல் வரி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. எம்ஜிபி உற்பத்தி 1980இல் நின்றுபோனது. 1988இல் அதற்குப் புது உடற்கூட்டையே அச்சடித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே பொழுதுபோக்குக்குப் பின்னால் ஒரு தொழில்துறையே நின்றது.

பினாங்கில் அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு இன்னொருவர் திங்கள் முதல் சனி வரை கிரீஸில் கை வைத்தார். பாகம் வர மாசக்கணக்கு ஆகும், கப்பலில் வரணும். அதுவரை சும்மா இருக்க முடியுமா? லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும், அல்லது ரோப் வாக் பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும். இரட்டைக் கார்புரேட்டரைச் சமப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்பது. இரண்டும் ஒரே மாதிரி சீறினால் சரி. இதைப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த ‘ஒரே மாதிரி’ எது என்பதைக் காது மட்டும்தான் கற்றுக்கொள்ளும், பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லிக்கொடுத்தால்.

சென்னை வாசகர்களுக்கு இது புதிசில்லை. 1961இல் இருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. அடுத்த வருஷம் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், அதே ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஹெரால்டின் முன்சக்கரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த நம் மெக்கானிக், கண்ணால் பார்க்காத ஸ்பிட்ஃபயரையும் பாதி அறிந்தவர்தான். அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

அந்தக் கைகள் பிறகு என்ன ஆயின? 1969இல் பினாங்கு தன் சுங்கமில்லாத் துறைமுக அந்தஸ்தை இழந்தது. வேலையில்லாத் திண்டாட்டம். 1972இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை திறந்தது, இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்தன. கிரீஸைத் தொட வேண்டிய அடுத்த தலைமுறைக் கை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு சிப்பைத் தொட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சோறு முக்கியம். நகருக்குள் மிஞ்சிய பட்டறைகளைக் காத்துக்கொண்டிருந்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2000 பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முழுசாகப் போய்விட்டது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்களும் கைவினைஞர்களும் கிளம்பினார்கள். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரிய நகரம் என்று அறிவித்தது. கட்டடம் தப்பித்தது, உள்ளே தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் தப்பிக்கவில்லை.

ஆ குவீ தெருவில் 2012இல் எர்னஸ்ட் ஸகரேவிச் வரைந்த சுவரோவியம் ஒன்று உண்டு. சுவரோடு ஒட்டி ஒரு நிஜமான பழைய மோட்டார் சைக்கிள், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வரைந்த பையன். நாளெல்லாம் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அழகான ஓவியம்தான். ஆனால் அந்த வண்டி இனி ஓடாது, ஓட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பாரம்பரியம் என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். பழைய காடியைச் சீர்படுத்துகிறவர் இதற்கு நேர் எதிரானவர். அவருக்குப் பளபளப்பு போதாது, அது ஸ்டார்ட் ஆகணும்.

லோட்டஸைக்கூட 1996இல் மலேசியாவின் புரோட்டான் வாங்கியது. 2017இல் சீனாவின் கீலி கைக்குப் பெரும்பங்கு போகும்வரை அது மலேசியக் கம்பெனியின் சொத்து. கம்பெனியை வாங்கலாம், விற்கலாம். காதில் இருக்கும் அந்தச் சீறலை அப்படிக் கைமாற்ற முடியாது.

எம்ஜி டிசியின் சேஸிஸ் எண்கள் ஒன்றில் இருந்து தொடங்காது, 0251இல் இருந்து தொடங்கும். 251 என்பது ஆபிங்டன் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர். எந்த எண் வண்டி எப்போது வெளிவந்தது என்று ஆர்வலர்கள் இன்றும் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். ஒரு டெலிபோன் நம்பருக்கு அவ்வளவு நினைவு. அதே வண்டி இந்த ஈரக்காற்றில் எழுபது வருஷம் துருவோடு போராடி ஓடியதற்குக் காரணமானவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்கள் வீட்டில் பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவோ மாமாவோ இருந்தால், எந்த வண்டி, எந்த வருஷம், யாரிடம் கற்றீர்கள் என்று இந்த மூன்றை மட்டும் கேட்டு எழுதி வையுங்கள். நம் பதிவேட்டின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.